வைஃபைக்குப் பாஸ்வேர்ட் போட்டாயிற்று, அப்புறம்?

சேர், உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்; பிழை என்றால் திருத்துங்கள். கோண்டாவிலில் வீடு. கீழே நீங்களும் ரீச்சரும், மாடியில் வாடகைக்கு இரண்டு கம்பஸ் பிள்ளைகள். கனடாவில் இருக்கும் மகன் போன வருடம் வந்து நின்றபோது ஃபைபர் இணைப்பு எடுத்து, படலையடியில் ஒன்று, பின்வளவில் ஒன்று என்று இரண்டு கமராவும் பூட்டிவிட்டுப் போனார். இப்போது மாதம் இருபதாம் திகதிக்கு முன்னமே டேட்டா முடிந்துவிடுகிறது. பக்கத்து வீட்டில் யாரோ களவாக எடுக்கிறார்கள் என்று உங்களுக்குச் சந்தேகம். ரவுட்டரின் செற்றிங்ஸ் பக்கத்தைத் திறந்து பார்த்தால் பாதுகாப்பு என்ற இடத்தில் ஐந்தாறு பெயர் இருக்கிறது, எதைத் தெரிவு செய்வது என்று விளங்கவில்லை. வைஃபை பெயரை மறைத்துவிட்டால் போதும் என்று வேறொருவர் சொல்லியிருக்கிறார்.

அந்தப் பட்டியலுக்குப் பதில் சின்னது. டபிள்யூ.பி.ஏ.2, டபிள்யூ.பி.ஏ.3 இரண்டும் சேர்ந்து ஒரே வரியில் இருந்தால் அதைத் தெரிவு செய்யுங்கள். அப்படி ஒன்று இல்லாவிட்டால் ‘டபிள்யூ.பி.ஏ.2 பெர்சனல்’. பக்கத்தில் என்கிரிப்ஷன், அதாவது மறையாக்கம், எது என்று கேட்டால் ‘ஏ.ஈ.எஸ்.’. பெயரை மறைக்க வேண்டாம். ஒரு நிமிட வேலை, முடிந்தது. ஆனால் உங்கள் டேட்டா இருபதாம் திகதி முடிவதை இந்தப் பட்டியல் நிற்பாட்டும் என்று நான் நினைக்கவில்லை. போன வருடம் பூட்டிய ரவுட்டர் என்றால் பூட்டில் பெரிய குறை இராது. திறப்பு எத்தனை பேரின் சட்டைப்பையில் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா?

எண்ணுவோம். நீங்கள், ரீச்சர், மகன், மாடியில் இரண்டு பேர். இவர்களுக்கு முன் அதே அறையில் இருந்துவிட்டுப் போன பிள்ளைகள். அவர்களோடு சேர்ந்து படிக்க வந்த கூட்டாளிகள். கமரா பூட்ட வந்த தம்பி. நல்லூர்த் திருவிழாவுக்கு லண்டனிலிருந்து வந்து பத்து நாள் நின்ற மச்சானின் குடும்பம். இப்போதைய போன்களில் பாஸ்வேர்டைக் கேட்டு எழுதத் தேவையில்லை. இணைந்திருக்கும் ஒருவர் தன் போனில் ஒரு தட்டுத் தட்டினால் கியூ.ஆர். சதுரம் வரும், மற்றவர் அதைப் படம் பிடித்தால் சரி. சில மாதத்துக்கு முன் அறையைக் காலி செய்த பிள்ளை இன்றைக்கு ஒழுங்கையால் சைக்கிளில் போனாலும் அவருடைய போன் பழைய நட்பை மறக்காமல் உங்கள் ரவுட்டரோடு ஒட்டிக்கொள்ளும். களவு என்று இதற்குப் பெயர் வைக்கவும் முடியாது. கொடுத்தது நாங்கள்தானே.

அதற்காகப் பக்கத்து வீட்டாரை உடனே சந்தேகிக்கவும் வேண்டாம். எங்கள் ஊரில் வேலிச் சண்டைக்கு இருக்கிற காரணங்கள் போதும். முதலில் கமராவைப் பாருங்கள். கமரா ஒன்று வினாடிக்கு ஒரு மெகாபிட் வீதம் படம் அனுப்புகிறது என்று வைப்போம். சாதாரணமான, அப்படி ஒன்றும் துல்லியமில்லாத படம். எட்டு மெகாபிட் ஒரு மெகாபைட், ஆகவே ஒரு மணித்தியாலத்துக்கு 450 மெகாபைட். எட்டு மணித்தியாலத்துக்கு 3.6 ஜிகாபைட். ஒரு மாதத்துக்கு 108 ஜிகாபைட். இரண்டு கமரா என்றால் 216. ரொறொன்ரோவில் காலை எட்டு மணி என்றால், கோடைகாலத்தில் இங்கே பின்னேரம் ஐந்தரை. மகன் வேலைக்குப் போய், மேசையில் இருக்கும் திரையின் ஒரு மூலையில் வீட்டுப் படலையைத் திறந்து வைத்துவிட்டு வேலை செய்கிறார் என்றால், இங்கே நீங்கள் நித்திரையில் இருக்கும்போது டேட்டா கரைந்துகொண்டிருக்கும். பெரும்பாலான கமராக்கள் யாராவது பார்த்தால்தான் இப்படி அனுப்பும். சில, பதிவை இரவு பகலாக இணையத்தில் எங்கோ சேமித்துக்கொண்டே இருக்கும்.

கண்டுபிடிக்க ஒரு எளிய வழி சொல்கிறேன். இணைய நிறுவனத்தின் செயலியில் எவ்வளவு மீதி என்று பார்க்கலாம் அல்லவா? இரவு பத்து மணிக்குப் பார்த்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். காலை ஆறு மணிக்குத் திரும்பப் பாருங்கள். மூன்று நாள் அப்படியே. நான்காம் நாள் இரவு கமரா இரண்டின் வயரையும் கழற்றிவிட்டு அதே கணக்கு. ஐந்தாம் நாள் கமராவைப் பூட்டிவிட்டு, மாடிப் பிள்ளைகளிடம் சொல்லி ஒரு இரவு மட்டும் அவர்கள் போன்களை வைஃபையில் இருந்து எடுக்கச் சொல்லுங்கள். கணக்குப் பாடம் படிப்பித்த உங்களுக்கு மிச்சத்தை நான் சொல்லத் தேவையில்லை.

இனி வேலைக்கு வருவோம். ரவுட்டரைத் தலைகீழாகப் பிரட்டுங்கள். ஷோகேசில் ரி.வி.க்குப் பக்கத்தில் பின்னல் துணிக்கு மேலே வைத்திருப்பீர்கள். அடியில் படிந்த தூசியைத் துடைத்தால் ஒரு வெள்ளை ஸ்ரிக்கர் தெரியும். அதில் இரண்டு சோடி எழுத்துகள் இருக்கும். ஒன்று வைஃபை பெயரும் அதன் பாஸ்வேர்டும். மற்றது பிரௌசரில் அடிக்கும் ஒரு முகவரி, பெரும்பாலும் 192.168.1.1, சிம் போடும் ரவுட்டர்களில் சிலவேளை 192.168.8.1. அந்த முகவரிக்குப் பக்கத்தில் இன்னொரு பயனர் பெயரும் இன்னொரு பாஸ்வேர்டும். இந்த இரண்டாவது சோடிதான் ரவுட்டருக்குள்ளேயே போவதற்கான திறப்பு. பத்து வீட்டில் எட்டு வீட்டில் இதை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள் என்று என் அனுபவத்தை வைத்துத் துணிந்து சொல்வேன். வைஃபை பாஸ்வேர்டை மாற்றியவர்களும் இதை மாற்றுவதில்லை, இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடுவார்கள்.

சுன்னாகத்தில் உறவினர் வீடு ஒன்றுக்குப் போயிருந்தேன். வைஃபை பாஸ்வேர்ட் இருபது எழுத்து, இடையில் குறியீடுகள் எல்லாம் போட்டு, அவ்வளவு கவனம். பெரியம்மா கடதாசியில் எழுதித் தந்ததைப் பார்த்துப் பார்த்துத் தட்டி உள்ளே போனேன். தேத்தண்ணி ஆறுவதற்குள் அந்த முகவரியை அடித்து, பயனர் பெயர் ‘அட்மின்’, பாஸ்வேர்டும் ‘அட்மின்’ என்று கொடுத்தேன். திறந்துவிட்டது. அந்த இருபது எழுத்துப் பாஸ்வேர்ட் உள்ளே பச்சையாக எழுதியிருந்தது. என்னென்ன கருவி இணைந்திருக்கிறது, பெரியப்பாவின் போனின் பெயர் என்ன, எல்லாம் தெரிந்தது. வீட்டுக்கு வந்த எவரும் இதைச் செய்திருக்கலாம். அதிலும் மோசம், உள்ளே வந்தவர் டி.என்.எஸ். என்ற இடத்தில் இரண்டு எண்ணை மாற்றிவிட்டுப் போனால் வீட்டாருக்கு ஒன்றும் தெரியாது. டி.என்.எஸ். என்பது பழைய தொலைபேசி விபரக்கொத்து மாதிரி. நீங்கள் வங்கியின் பெயரைச் சொன்னால் அது எண்ணைத் தேடித் தரும். விபரக்கொத்தையே மாற்றி வைத்தால் நீங்கள் சரியான பெயரைத்தான் சொல்வீர்கள், கோல் போவது வேறு வீட்டுக்கு.

ஆகவே முதல் வேலை அட்மின் பாஸ்வேர்டை மாற்றுவது. மாற்றியதைப் பேனையால் எழுதி அலுமாரிக்குள், காணி உறுதி இருக்கும் இடத்தில் வையுங்கள். எழுதி வைக்கக்கூடாது என்று சிலர் சொல்வார்கள். வீட்டு ரவுட்டருக்கு அது பொருந்தாது. உங்கள் அலுமாரிக்குள் வந்து தேடுகிற கள்ளனுக்கு ரவுட்டர் பாஸ்வேர்ட் கடைசித் தேவை.

அதே பக்கங்களுக்குள் நிற்கும்போது இன்னும் மூன்றை அணைத்துவிடுங்கள். ‘ரிமோட் மனேஜ்மென்ற்’, அதாவது வெளியிலிருந்து ரவுட்டருக்குள் வரும் வழி. அடுத்தது யு.பி.என்.பி.: வீட்டுக்குள் இருக்கும் எந்தக் கருவியும் உங்களைக் கேட்காமல் வெளிக்கதவைத் திறந்து விடுவதற்கான வசதி. மூன்றாவது டபிள்யூ.பி.எஸ்.; இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் இதுதான் நல்ல மதிலில் விட்ட ஓட்டை.

பாஸ்வேர்ட் அடிக்கச் சிரமப்படுகிறவர்களுக்காக வந்தது டபிள்யூ.பி.எஸ். எட்டு இலக்கப் பின் எண்ணைக் கொடுத்தால் ரவுட்டர் பாஸ்வேர்டைத் தானே கொடுத்துவிடும். எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி எண்கள், யார் முயன்று பார்ப்பார்கள் என்று நினைப்பீர்கள். ஆனால் கடைசி இலக்கம் முன்னுள்ள ஏழிலிருந்து கணக்கிட்டு வருவது, ஆகவே அதை ஊகிக்கத் தேவையில்லை. அதோடு ரவுட்டர் முதல் நாலு இலக்கமும் சரியா பிழையா என்று தனியாகச் சொல்லிவிடும். நாலு இலக்கத்துக்குப் பத்தாயிரம், மிச்ச மூன்றுக்கு ஆயிரம். மொத்தம் 11,000 முயற்சி. சில மணித்தியாலம் பொறுமையாக ஒரு லப்டொப் நின்றால் போதும். 2011ஆம் ஆண்டின் கடைசியில் இது வெளிப்பட்டது. பின்னர் வந்த ரவுட்டர்கள் பல, சில பிழைகளுக்குப் பின் கதவைப் பூட்டிக்கொள்கின்றன. இருந்தாலும் உங்கள் வீட்டில் யாரும் பாவிக்காத வசதி. அணைப்பதால் நட்டம் இல்லை.

அந்தப் பட்டியலில் உள்ள பெயர்களின் கதையையும் கேளுங்கள், பிறகு யாரும் உங்களைக் குழப்ப முடியாது. முதலில் வந்தது டபிள்யூ.ஈ.பி., 1997இல். அது காற்றில் அனுப்பும் ஒவ்வொரு தரவுப் பொதிக்கும் சேர்க்கும் மாறும் எண் மிகச் சின்னது. பரபரப்பான வலையமைப்பில் கெதியாகத் திரும்பத் திரும்ப வந்துவிடும். 2001இல் ஃபுளூரர், மான்டின், ஷமிர் என்ற மூன்று ஆய்வாளர்கள் அதன் அடிப்படையிலேயே பலவீனம் இருப்பதைக் காட்டினார்கள். 2007இல் ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் ஒரு நிமிடத்துக்குள் உடைத்துக் காட்டினார்கள். கறையான் அரித்த கிடுகு வேலி. சாய்ந்து கொள்ளத்தான் ஆகாது, பார்வைக்கு வேலிதான். உங்கள் ரவுட்டர் டபிள்யூ.ஈ.பி. மட்டும்தான் தரும் என்றால் அதைக் கொண்டுபோய் இரும்புக்காரனிடம் போடுங்கள்.

அந்தப் பழைய கருவிகளை எறியாமல் மென்பொருளால் மட்டும் காப்பாற்ற 2003இல் அவசரமாக வந்தது டபிள்யூ.பி.ஏ., அதன் மறையாக்க முறை ரி.கே.ஐ.பி. ஒட்டுப் போட்ட சட்டை. அடுத்த வருடமே முறையாகத் தைத்தது வந்துவிட்டது: டபிள்யூ.பி.ஏ.2, ஏ.ஈ.எஸ்.ஸோடு. 2006க்குப் பின் வைஃபை சான்றிதழ் பெற்ற எல்லாக் கருவியிலும் இது கட்டாயம். ஆகவே இன்று வீட்டில் இருக்கும் ஏறக்குறைய எதுவும் இதோடு இணையும். பட்டியலில் ‘ரி.கே.ஐ.பி. + ஏ.ஈ.எஸ்.’ என்று ஒரு கலவையும் இருக்கும். எல்லாம் வேலை செய்யட்டும் என்று பலர் அதில் விட்டுவிடுவார்கள். ரி.கே.ஐ.பி.யில் இணையும் கருவிக்கு வேகம் 54 மெகாபிட்டைத் தாண்டாது. ஃபைபருக்குக் காசு கட்டிவிட்டு வைஃபை மெதுவாக இருக்கிறது என்று நிறுவனத்தைத் திட்டுகிற வீடுகளில் நான் முதலில் பார்ப்பது இந்த இடத்தைத்தான்.

2018இல் டபிள்யூ.பி.ஏ.3 வந்தது. அது ஏன் நல்லது என்று விளங்க, போனும் ரவுட்டரும் எப்படிக் கைகுலுக்கின்றன என்று தெரிய வேண்டும். டபிள்யூ.பி.ஏ.2இல் நாலு செய்தி போய் வரும். அதில் எதிலும் பாஸ்வேர்ட் போகாது. இருவருக்கும் அது தெரியும் என்பதற்கான அத்தாட்சிதான் போகும். ஆனால் ஒழுங்கையில் நின்று அந்த நாலையும் பதிந்துகொண்டவர், வீட்டுக்குப் போய் ஆறுதலாக ஒவ்வொரு ஊகமாகப் போட்டுப் பார்க்கலாம். உங்கள் ரவுட்டருக்குத் தெரியவே தெரியாது. டபிள்யூ.பி.ஏ.3இல் ஒவ்வொரு ஊகத்துக்கும் ரவுட்டரை நேரே கேட்டாக வேண்டும். வாசலில் நின்று ஒவ்வொரு திறப்பாகப் போட்டுப் பார்க்கலாம். பூட்டைக் கழற்றிக்கொண்டு போக முடியாது.

அதற்காக டபிள்யூ.பி.ஏ.3ஐ மட்டும் போட்டுவிடாதீர்கள். நான் போட்டேன். மானிப்பாயில் எங்கள் வீட்டில், ஒரு பின்னேரம், மிகவும் திருப்தியோடு. அம்மாவிடம் ஒரு பழைய டப்லெட் இருக்கிறது, அதில்தான் லண்டனில் இருக்கும் அக்காவோடு கதைப்பார். அதற்கு டபிள்யூ.பி.ஏ.3 தெரியாது. மூன்று நாள் அக்காவின் கோல் வரவில்லை. அம்மா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை; போன கிழமை வெங்காயச் சம்பல் அனுப்பாததற்கு அக்கா கோபம் என்று தானே முடிவெடுத்து இருந்தார். நான்காம் நாள் அக்கா எனக்கு எடுத்து, “அம்மாவுக்கு என்னடா நடந்தது?” என்று கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. ஆகவே இரண்டும் சேர்ந்த வரி. புதிய போன்கள் மூன்றில் இணையும், பழையவை இரண்டில்.

இப்போது பாஸ்வேர்ட். இதில்தான் நான் கொஞ்ச நேரம் நிற்கப் போகிறேன், ஏனென்றால் டபிள்யூ.பி.ஏ.2இன் முழுப் பலமும் இதில்தான் தங்கியிருக்கிறது. எட்டு எழுத்திலிருந்து 63 எழுத்து வரை வைக்கலாம். ஒவ்வொரு ஊகத்தையும் சோதிக்க 4,096 தடவை ஒரு கணக்கைச் செய்ய வேண்டும் என்று வேண்டுமென்றே மெதுவாக்கி வைத்திருக்கிறார்கள். அப்படியிருந்தும், விளையாட்டுப் பிரியர்கள் வைத்திருக்கும் நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒன்று வினாடிக்குச் சில இலட்சம் ஊகங்களைப் போட்டுப் பார்க்கும்.

நாலு இலட்சம் என்று வைத்துக்கொண்டு எங்கள் ஊர்ப் பாஸ்வேர்ட்களைப் பார்ப்போம். மிகப் பிரபலமானது வீட்டுத் தொலைபேசி எண். 021 என்று தொடங்கும் எண்கள் மொத்தம் ஒரு கோடி, இருபத்தைந்து வினாடி. கைத்தொலைபேசி எண், 07 என்று தொடங்கினால் பத்துக் கோடி. நாலு நிமிடம் சொச்சம். பிறந்த திகதியை எட்டு இலக்கமாக எழுதினால் நூறு வருடத்துக்கு 36,500 மட்டும். கண் மூடித் திறக்குமுன். பழைய அடையாள அட்டை இலக்கம் பாதுகாப்பானது என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதன் முதல் இரண்டும் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் வருடத்தில் எத்தனையாம் நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500ஐக் கூட்டுவார்கள். அதற்குப் பின் நாலு இலக்கம். வருடம் தெரிந்தால் மிஞ்சுவது எழுபத்துமூன்று இலட்சம். தேத்தண்ணிக்குச் சீனி கரைக்கும் நேரம். பிள்ளையின் பெயரோடு 123 போடுவதைப் பற்றி நான் எழுதவே போவதில்லை.

சம்பந்தமில்லாத நாலைந்து தமிழ்ச் சொற்களை எடுத்து ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். கதியால், ஒடியல், சைக்கிள், புழுதி, தவில் என்ற மாதிரி. (இதையே வைக்காதீர்கள், எழுதியாயிற்று.) ஆங்கிலச் சொற்களைவிட இதில் ஒரு இலாபம்: ஒடியலை நான் எழுதும் மாதிரி நீங்கள் எழுத மாட்டீர்கள், ஊகிக்கிற கணினிக்கும் அந்தத் தலையிடி உண்டு. ஆனால் எழுதிய மாதிரியே கடதாசியிலும் எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் ரீச்சர் ஒரு மாதிரி நீங்கள் ஒரு மாதிரித் தட்டிக்கொண்டு நிற்பீர்கள். தேவார அடி, குறள், பிரபல பாட்டின் முதல் வரி வேண்டாம். உங்களுக்கு மனப்பாடமாக இருப்பது ஆயிரம் பேருக்கு மனப்பாடம்.

வைஃபை பெயரையும் மாற்றுங்கள். பெட்டியோடு வரும் பெயர் அது எந்த வகை ரவுட்டர் என்று ஒழுங்கைக்கே சொல்லிவிடும். அந்த 4,096 தடவைக் கணக்கில் பெயரும் சேர்கிறது. ஆகவே எல்லார் வீட்டிலும் இருக்கிற பொதுப் பெயர்களுக்கு முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்த அட்டவணைகள் உண்டு. உங்கள் பெயரோ வீட்டு இலக்கமோ இல்லாமல், வேறு யாரும் வைக்காத ஒன்றாக வையுங்கள். மறைப்பது ஏன் வீண் என்றால், பெயரை ரவுட்டர் சொல்லாவிட்டாலும், நீங்கள் இணையும்போது உங்கள் போன் அதைக் காற்றில் சொல்லித்தான் ஆகும். அது மட்டுமா, மறைத்த பெயரைத் தேடி அது யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலும் கூப்பிட்டுக்கொண்டு நிற்கும். மக் முகவரியை, அதாவது ஒவ்வொரு கருவியின் அடையாள எண்ணை, வைத்து இன்னின்ன கருவி மட்டும் என்று வடிகட்டுவதும் இதே ரகம். இன்னொரு கருவியின் முகவரியைப் போலியாகக் காட்ட ஒரு நிமிடம் போதும், அதோடு இப்போதைய போன்கள் தாங்களே ஒவ்வொரு வலையமைப்புக்கும் ஒரு முகவரியைப் புனைந்துகொள்கின்றன.

சரி, மாடிப் பிள்ளைகள். அவர்கள் நல்ல பிள்ளைகள் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல பிள்ளைகளாகவே இருக்கட்டும். டபிள்யூ.பி.ஏ.2இல் ஒரே பாஸ்வேர்டை எல்லோரும் பாவிக்கும்போது, அது தெரிந்த ஒருவர் மற்றவர் இணையும் நேரத்துக் கைகுலுக்கலைப் பிடித்துவிட்டால் அவருடைய போக்குவரத்தின் மறையாக்கத்தை அவிழ்க்கலாம். வங்கி, வட்ஸ்அப் எல்லாம் தங்கள் சொந்த மறையாக்கத்தோடு போவதால் அவை தெரியாது. எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது தெரியும். அதனால் ரவுட்டரில் ‘கெஸ்ற் நெட்வேர்க்’ என்று ஒன்று இருக்கும், அதை இயக்கி வேறு பெயர், வேறு பாஸ்வேர்ட் வைத்து மாடிக்குக் கொடுங்கள். அதில் இணைகிறவர்கள் இணையத்துக்குப் போகலாம், உங்கள் லப்டொப்பையோ பிரிண்டரையோ ரவுட்டர் பக்கத்தையோ எட்ட முடியாது. கொடுத்த பிறகு ஒருமுறை உங்கள் போனை அதில் இணைத்து 192.168.1.1ஐத் திறந்து பாருங்கள். திறந்தால் பேருக்குத்தான் அது விருந்தினர் அறை. பல ரவுட்டர்களில் வேக வரம்பும் போடலாம். ஒருவர் அறையைக் காலி செய்தால் அன்றைக்கே அந்தப் பாஸ்வேர்டை மாற்றலாம், உங்கள் ரி.வி.யையும் போன்களையும் தொட வேண்டியதில்லை.

இதில் சட்டப் பக்கமும் ஒன்று இருக்கிறது. அனுமதியில்லாமல் இன்னொருவரின் கணினிக்குள் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி குற்றம். அப்படி ஒன்றை உங்கள் இணைப்பில் இருந்துகொண்டு யாராவது செய்தால் வெளியே தெரிவது ஒரே ஒரு முகவரி, அது உங்கள் பெயரில் இருக்கிற இணைப்பின் முகவரி. பிறகு யார் செய்தது என்று விளங்கப்படுத்தும் வேலை உங்களுடையது.

கமரா இரண்டையும் அதே மாதிரிப் பிரித்து வையுங்கள். தனி வலையமைப்பு இல்லாவிட்டால் விருந்தினர் பக்கத்திலேயே. அவற்றின் பாஸ்வேர்டை மகனிடம் கேளுங்கள். கேட்கும்போது ஒரு கணம் மௌனம் வந்தால், அது பெட்டியோடு வந்த பாஸ்வேர்ட்தான். 2016இல் ‘மிராய்’ என்ற தீநிரல் உலகம் முழுக்க இலட்சக்கணக்கான கமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. அதன் ஆயுதம் பெட்டியோடு வருகிற அறுபது சொச்சம் பெயர், பாஸ்வேர்ட் சோடிகள். அந்த ஒக்டோபரில் அது அடித்த அடியில் அமெரிக்காவில் ருவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் மணிக்கணக்காக விழுந்து கிடந்தன. தாக்கியவை யாருடைய கமராக்கள்? இப்படி யாரோ பிள்ளைகள் வீட்டுக்குப் பூட்டிவிட்டுப் போனவைதான். ரவுட்டரில், வெளியிலிருந்து ஒரு கருவிக்கு நேரே கதவு திறந்து விடும் ‘போர்ட் ஃபோர்வார்டிங்’ என்ற பக்கத்தில் கமராவுக்கென்று ஏதாவது வரி இருந்தால், மகனைக் கேட்டுவிட்டு அழியுங்கள். இப்போதைய கமராக்களை அவற்றின் செயலியாலேயே கனடாவில் பார்க்கலாம், அந்தக் கதவு தேவையில்லை.

மென்பொருள் அப்டேட் பற்றிச் சுருக்கமாக. 2017இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த மத்தி வான்ஹூஃப் என்ற ஆய்வாளர் டபிள்யூ.பி.ஏ.2இன் கைகுலுக்கலிலேயே ஒரு பிழையைக் கண்டுபிடித்தார். அதைச் சரிசெய்தது அப்டேட்தான், அதிலும் ரவுட்டரைவிடப் போன்களுக்கு வந்த அப்டேட். ஃபைபர் ரவுட்டரைப் பெரும்பாலும் நிறுவனமே தூரத்திலிருந்து புதுப்பிக்கும். நீங்கள் கடையில் வாங்கியதென்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீங்களே பார்க்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. பின்னால் ஊசி நுழைகிற அளவில் ஒரு துளை இருக்கும், ரீசெட். எதையாவது பிழையாகச் செய்துவிட்டால் பதற்றத்தில் அதை அமத்திப் பிடிக்காதீர்கள். நிறுவனம் உள்ளே பதிந்து வைத்த இணைப்பு விபரமும் சேர்ந்து அழிந்துபோகலாம், பிறகு அவர்களுடைய ஆள் வரும் வரை வீட்டில் இணையமே இல்லை. எதையும் மாற்றுமுன் ஒவ்வொரு பக்கத்தையும் போனால் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கறண்ட் அடிக்கடி போகும் நாளில் இந்த வேலையைத் தொடங்கவும் வேண்டாம். ரீச்சரின் போன், உங்கள் போன், ரி.வி., பிரிண்டர், கமரா இரண்டு என்று எல்லாவற்றிலும் புதுப் பாஸ்வேர்டைத் தட்ட ஒரு சனிக்கிழமை முற்பகல் பிடிக்கும்.

எல்லாம் முடிந்ததும் இரவு பத்து, காலை ஆறு என்ற அந்தக் கொப்பிக் கணக்கை இன்னும் ஒரு கிழமை தொடருங்கள். அப்படியும் இரவுச் செலவு குறையாவிட்டால் மகனுக்கு ஒரு கோல் எடுத்து, வேலை முடிந்து போகும்போது படலையை மூடிவிட்டுத்தான் போகிறாரா என்று கேளுங்கள்.